முதற்பலனாய்ப் போன கம்பி

உதியன்குளங்கரையில் எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான்; இன்னும் வேலைத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொருத்தி பக்கத்து வீட்டு ஜெஸ்னா. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் ஐந்து வருடமாகக் கம்பி செய்கிறாள். "கம்பிக்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, கேட்கத்தான் வெட்கம்.

மக்னீசியம் டைபோரைடு என்ற பொருளை மைனஸ் இருநூற்று முப்பத்தைந்து டிகிரிக்குக் குளிர்வித்தால் மின்சாரம் துளியும் இழப்பில்லாமல் ஓடும். பலமான காந்தம் அருகில் வந்தாலோ, உள்ளே காந்தச் சுழல்கள் புகுந்து நகரும், மின்சாரம் சரிந்துவிடும். கொஞ்சம் கரி கலந்தால் சுழல்கள் அசையாமல் மாட்டிக்கொள்ளும். கரிக்காகச் சிலர் சர்க்கரை சேர்க்கிறார்கள். ஜெஸ்னா வீட்டிலிருந்து கருப்பட்டி கொண்டுபோனாள்.

கலவையை இரும்புக் குழாயில் அடைத்து, கம்பியாய் இழுத்து, சுட வேண்டும். பதினான்கு கம்பிகள் விரிசல் விட்டன. பதினைந்தாவது உருப்பட்டது, ஒரு சாண் நீளம். வெளியூர் ஆய்வகத்தின் பெரிய காந்தத்தில் அதைச் சோதிக்க, நான்கு மாதம் காத்திருந்து ஒரு புதன்கிழமை கிடைத்தது. தவறினால் உதவித்தொகை நின்றுவிடும். ஆய்வகத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று கம்பியை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்தினாள்.

திங்களன்று ரயிலுக்குப் பை கட்டும்போது கம்பி இல்லை. முந்தின வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை. முதலில் விளைந்ததைக் கொண்டுபோய் வைப்பார்கள். அது ஏலம் போகும். கம்பியும் அப்படிப் போயிருந்தது.

"நம்ம பனையில எடுத்த கருப்பட்டி போட்டதுதானே மக்கா? மொத வெளச்சல் கர்த்தருக்காக்கும்" என்றார் அவள் அம்மா சுகிர்தபாய்.

"அம்மா, அது கம்பி!"

"கம்பின்னா கர்த்தரு வேண்டான்னா சொல்லுவாரு?"

ஏலத்தில் எடுத்தவர் எலக்ட்ரிக்கல் கடை யோசுவா. நானும் கூடப் போனேன். கம்பி அவர் வீட்டுப் பழைய ஃபியூஸ் கட்டையில் இருந்தது.

"எட்டு நாளாச்சு, ஒரு தடவகூட போகல்ல. என்னா கம்பி மக்கா, கொள்ளாம்!"

"ஃபியூஸ்னா போகணும் மாமா!" என்றாள் ஜெஸ்னா.

"அதுக்குப் பதிலா மிக்சி போச்சு. அது வேற காரியம்."

மின்சாரத்தைத் தாங்கியது வெளியே இருந்த இரும்பு. இதைச் சொன்னால் அவர் நம்பமாட்டார். ஏலம் எடுத்ததைச் சும்மா திருப்பிக் கொடுப்பதும் முறையில்லையாம். சுகிர்தபாய் ஒரு சேவலைக் கொண்டுவந்து நீட்டினார். கம்பி கைமாறியது.

கம்பிக்குள் இருக்கும் பொருள் வளைத்தால் நொறுங்கும். திருகாணியில் சுற்றிய இரு முனைகளும் வீண். நடுவில் மூன்று விரல்கடை நேராக இருந்தது. அதை வெட்டிப் பஞ்சில் சுற்றிக்கொண்டு ரயிலேறினாள்.

ஐந்து டெஸ்லா வலிமையுள்ள காந்தத்திலும், கரி சேர்க்காத கம்பியைவிட இரண்டு மடங்கு மின்சாரத்தை அது தாங்கியது. மாதிரியின் முன்வரலாறு என்று ஒரு கட்டம் அளவீட்டுப் படிவத்தில் இருக்கிறது. 'ஏலம், ஃபியூஸ், எட்டு நாள்' என்று அப்படியே எழுதினாள். நானாக இருந்தால் எழுதியிருப்பேனா? தேர்வு விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்திலேயே நான் உண்மை எழுதியதில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் சிரிக்கவில்லை. "பலன் கருப்பட்டியாலா, ஃபியூஸாலா? கட்டுரை எழுதுமுன் பிரித்துக் காட்டு" என்றார்.

ஆகவே இன்னொரு கம்பி செய்து இரண்டாக வெட்டினாள். ஒரு துண்டு அவள் அலமாரியில், இந்தத் தடவை பூட்டி. மற்றதோடு யோசுவா வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஆராய்ச்சிக்குன்னா நான் மாட்டேன்னு சொல்லுவேனா? எட்டு நாளுதானே. நில்லு மக்கா, ஃபிரிட்ஜை மட்டும் கழத்திப் போட்டுட்டு வாறேன்."