சொல்லிவிட்டுக் கீழே வைப்பது

என் தம்பி கண்ணாடி பொருத்துகிறவன். வீட்டு ஜன்னல், கடை முகப்பு, குளியலறைக் கதவு எல்லாம் செய்வான். அவன் கை பட்ட வேலையில் ஓரத்துப் பூச்சு மேடும் பள்ளமுமாக இருந்து நான் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சின்ன வயதிலேயே வீட்டில் அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்துவிட்டோம். அவன் நடப்பதும் கதவைத் திறப்பதும் யார் காதிலும் விழாது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பான். "இருமிக்கிட்டாவது வாடா" என்பாள். பெரிய பலகைக் கண்ணாடியைச் சத்தமில்லாமல் இறக்குவதில், அவன் வேலை செய்யும் கடையில் அவனுக்கு ஈடு இல்லை. முதலில் கீழ் விளிம்பை மரக்கட்டையில் தொட வைப்பான். அப்புறம் மெல்லச் சாய்த்து, கடைசியில்தான் கையை உருவுவான். முதலாளியே வெளியாட்களிடம், "அவன் வெச்சா, வெச்சது கண்ணாடிக்கே தெரியாது" என்று சொல்வார்.

அப்படிப்பட்டவன்தான் சொந்தப் பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைக்க முடியாமல் திணறினான்.

தம்பி மனைவி தபால் பிரிக்கும் நிலையத்தில், பார்சல் பகுதியில் இருக்கிறாள். பல வருடம் தற்காலிகமாக இருந்து, பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வேலை நிரந்தரமானது. அதனாலேயே பிள்ளைக்கு வீட்டில் பார்சல் என்று பெயர் விழுந்தது. பார்சல் யார் தோளிலாவது கிடந்தால்தான் தூங்கும். விடுப்பு முடிந்து அவள் திரும்பப் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தை ஒட்டியே ஊழியர் குழந்தைகளுக்கான காப்பகம் உண்டு. பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள் முகம் வாடித் திரும்பினாள்.

காப்பகத்து அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளாம்: "எனக்கு இருக்கறது ரெண்டு கைதான். உங்க பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டே இருந்தா மத்ததுங்களை யார் பார்க்கறது? கட்டில்ல தூங்கப் பழக்கிக் கொண்டாங்க, சந்தோஷமா எடுத்துக்கறேன். இல்லைன்னா கஷ்டம்."

நான் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். நான் கீழ் வீட்டில்தான் இருக்கிறேன், வீட்டிலேயே சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறேன். ஆனால் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பார்சலை மடியில் வைத்துக் கொஞ்சலாம், அவ்வளவுதான். ஆகையால் பிள்ளை கட்டிலில் தூங்கினால் அவளுக்கு வேலை உண்டு, தூங்காவிட்டால் இல்லை என்று ஆகிவிட்டது.

சுற்றிலும் மரக்கம்பி வைத்த குழந்தைக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டார்கள். மெத்தை இறுக்கமாக இருக்கிறதா, கம்பிக்கு நடுவில் இடைவெளி அதிகமோ என்றெல்லாம் நான் பார்த்துவிட்டேன். கட்டிலில் ஒரு குறையும் இல்லை.

"நீ கவலைப்படாதே. கீழே வைக்கறதுதானே, அது என் வேலை" என்று மனைவியிடம் தம்பி பெருமையாகச் சொன்னான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் முயற்சி செய்தான். பிள்ளையைத் தோளில் போட்டு நன்றாகத் தூங்கும் வரை நடப்பான். பிறகு குனிந்து, முதலில் இடுப்பு, அப்புறம் முதுகு, கடைசியாகத் தலை என்று ஒரு கண்ணாடிப் பலகையை இறக்குவதுபோலவே இறக்குவான். கையை உருவுவது காற்றுக்குக்கூடத் தெரியாது. பிள்ளை மல்லாந்தபடி தூங்கும். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அவன் வாசல் வரை போயிருப்பான், பார்சல் கண்ணைத் திறக்கும். சுற்றிப் பார்க்கும். வீடே இடியும்படி கத்தும்.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அவனோ இன்னும் மெதுவாக இறக்கினான். சட்டைப் பொத்தான் உரசுகிறதோ என்று பனியனோடு நின்றான். கை சில்லென்று இருக்கிறதோ என்று தேய்த்துச் சூடாக்கினான். எவ்வளவு நைசாக வைத்தானோ அவ்வளவு பயந்து அழுதது பிள்ளை.

"உங்க புகழ்பெற்ற கை இதுதானா?" என்றாள் அவள்.

"கண்ணாடி கண்ணை முழிச்சுப் பார்க்காதில்ல" என்றான் அவன்.

சிரித்தார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, "அண்ணி, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு நின்னுடலாமான்னு தோணுது" என்றாள். நான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "இப்பவே எதையும் எழுதாதே" என்றேன்.

அந்த வாரம் எங்கள் மாடிப்படி ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. தம்பியும் அவனோடு மறுமுனை பிடிக்கிறவனும் கொண்டுவந்தார்கள். மறுமுனைக்காரனை எல்லோரும் ஒல்லி என்பார்கள். உருவத்தில் அவன் அதற்கு நேர்மாறு. அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு முனையைப் பிடித்திருப்பவன் கையை எடுக்கும் முன் "விடறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவன் "விடு" என்று சொன்ன பிறகுதான் எடுக்கலாம். இல்லாவிட்டால் மொத்தக் கனமும் திடீரென்று ஒருவன் கைக்குப் போய்விடும்.

தூக்கம் கெட்ட அசதியோ, மனைவியின் நினைப்போ, தம்பி அன்று சொல்லாமல் விட்டுவிட்டான். கண்ணாடி ஒரு ஆட்டம் ஆடியது. ஒல்லி நெஞ்சால் முட்டுக் கொடுத்துப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். உடையவில்லை, கையிலும் கீறல் இல்லை.

"டேய் பூனை, சொல்லிட்டு விட மாட்டியா? நீ பிடிச்சிருக்கேன்னு நம்பித்தானே நான் நிக்கறேன். நீ பாட்டுக்கு நைசா கையை எடுத்துட்டா, நான் என்னடா ஆகறது?"

தம்பி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மேலே, தன் வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"கோவிச்சுக்கிட்டியா?" என்றான் ஒல்லி.

"இல்லடா. அவகிட்டயும் நான் இதைத்தான் பண்ணிட்டு இருக்கேன்."

"யாருகிட்ட?"

"பார்சல்கிட்ட."

ஒல்லி என்னைப் பார்த்தான். "அக்கா, தம்பியை ஒரு நாள் நல்லாத் தூங்க விடுங்க" என்றான். தம்பி சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. அவன் வைத்தது பிள்ளைக்குத் தெரியவே இல்லை. தோளில் கண்ணை மூடியது கட்டிலில் கண்ணைத் திறந்தால் அலறாமல் என்ன செய்யும்?

ஜன்னலை முடித்ததும் தம்பி நேரே மேலே போனான், நான் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் ஏறினேன். பிள்ளைக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது, இன்னும் தூங்கவில்லை. அப்படியே கட்டிலில் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே குனிந்து, கடையில் சொல்கிற அதே குரலில், "விடறேன்" என்றான். கையை எடுத்தான்.

பார்சல் அழுதது.

"பிள்ளைகிட்ட அனுமதி கேக்கறீங்களா?" என்றாள் தம்பி மனைவி.

அவன் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துத் தட்டினான். அடங்கியதும் மறுபடி "விடறேன்" என்று கையை எடுத்தான். மறுபடி அழுகை. தூக்கிச் சமாதானம் செய்து, மறுபடி படுக்க வைத்தான். அன்றைக்குத் தோளில்தான் தூங்கியது. மறுநாளும் அப்படியே. ஆனால் அழுகை வேறு மாதிரி இருந்தது. முன்பு பயந்த அழுகை, இது வெறும் புகார். அப்புறம் ஒரு மதியம் அவன் கையை எடுத்ததும் பிள்ளை அவனைப் பார்த்தது, கம்பியைப் பார்த்தது, தன் விரலையே கொஞ்சம் சப்பியது, முனகிக்கொண்டே தூங்கிப்போனது. விழித்தபோது அழவில்லை. கட்டில் அதற்குத் தெரிந்த இடமாகியிருந்தது. அதற்குப் பிறகு தம்பி மனைவி படுக்க வைத்தாலும் தூங்கியது. இடையில் தடுப்பூசி போட்டு வந்த அன்று எல்லாம் தலைகீழானது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மூன்று பேருமாகக் காப்பகத்துக்குப் போனோம். தம்பி காப்பகத்து அம்மாவிடம், "தூங்கினதுக்கு அப்புறம் வைக்காதீங்கம்மா. முழிச்சிருக்கும்போதே சொல்லிட்டு வையுங்க" என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லா அப்பாவும் ஏதாவது சொல்லிட்டுத்தான் போறாங்க. சரி, செஞ்சு பார்க்கறேன்" என்றாள்.

சாயங்காலம் தம்பி மனைவி பிள்ளையோடு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தூங்கலையா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்கினாளாம். இடைவேளையில ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன், அசையாமப் படுத்திருக்கா. என்னைத் தேடவே இல்லையாம் அண்ணி."

"இதுக்குத்தானே அத்தனை பாடு?"

"ஆமா" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அவளை அழவிட்டு, பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பார்சல் என் மூக்கைப் பிடிக்கப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்குக் காலை ஷிப்ட், சீக்கிரம் கிளம்ப வேண்டும், சீருடையைத் துவைத்துப் போட வேண்டும் என்றாள்.