பெரியநாயகம் அடித்த சிலுவை

மண்ணூரில் கடல் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு ஷெட்டில் அலுமினியத் தகட்டில் மீன்பிடிப் படகு கட்டி, லாரியில் ஏற்றிக் காசிமேட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஷெட்டின் ஃபிட்டர் பெரியநாயகம் பித்தளையைக் கண்டாலே எரிந்து விழுவார். தகட்டில் ஒரு பித்தளை ஸ்குரூ இருந்தால் போதும், பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுத்தான் டீ குடிப்பார். உப்புத் தண்ணீரில் இரண்டும் ஒட்டியிருந்தால் பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் அரித்துப்போகும். இஞ்சினியர் இதை ஒரு தடவைதான் சொன்னார். இவர் சொல்லிச் சொல்லி ஷெட்டுக்கே காது புளித்துவிட்டது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவர் மனைவி லூர்து மேரியின் தம்பி செல்வநாதன் அங்கே ஒரு படகு வாங்கினான். பெரியநாயகம் கோயிலில் மந்திரித்த சிலுவை ஒன்றைக் கொண்டுவந்து, படகின் அடித்தகட்டில் வெளிப்பக்கமாக, தன் கையாலேயே ரிவெட் வைத்து அடித்தார். பித்தளைச் சிலுவை. அவருக்கு அது பித்தளையாகத் தெரியவே இல்லை. பக்கத்தில் நின்ற ஹெல்பர் ரகுபதிகூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

எட்டே மாதத்தில் நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியது. செல்வநாதனும் கூடப் போன இரண்டு பேரும் வாளியால் இறைத்து இறைத்து எப்படியோ கரை சேர்ந்தார்கள். படகு லாரியில் மண்ணூருக்குத் திரும்பி வந்தது.

"சிலுவ இருக்கவேதான் பொயச்சோம் மாமா. இந்தவாட்டி பெர்சா ஒண்ணு அடிச்சுக் குடு" என்றான் செல்வநாதன்.

பெரியநாயகம் அடியில் படுத்துப் பார்த்தார். சிலுவை புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அதைச் சுற்றித் தகடு வெள்ளையாகப் பொடிந்து கிடந்தது. விரலை வைத்தார், உள்ளே போய்விட்டது. பொடியைத் துடைத்துவிட்டுத் தகடே மட்டமான சரக்கு என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இவன் பெரிய சிலுவை கேட்கிறானே. பாவம், மனுஷன் சிலுவையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மச்சான், ஓட்ட போட்டது நான்தான். இதாலதான் தகடு அரிச்சுது."

செல்வநாதன் குனிந்து அந்த ஓட்டையில் தானும் விரலை விட்டுப் பார்த்தான்.

"மூணு உசுரு மாமா" என்றான். பிறகு சிலுவையை வாங்கி, படகின் முனையிலிருந்த மரக்கட்டையில் வைத்துப் பிடித்தான். "மரத்துல அடி. தண்ணிக்குள்ள முழுகினுகீற ஆண்டவர நாங்க எங்க பாக்கறது?"

பெரியநாயகம் ஆணியை எடுத்தார். செல்வநாதன் கையை நீட்டி அதை வாங்கி, பித்தளையா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். பத்து வருஷமாக அடுத்தவன் ஸ்குரூவைச் சோதித்த மனுஷனின் ஆணியை, அன்றைக்குத்தான் முதல் முதலாக இன்னொருவன் சோதித்தான்.