விக்னராஜா கழற்றிய அடுப்புக் குமிழ்கள்

விக்னராஜா நல்ல வேலைக்காரன் என்று கிளென் வேவர்லிப் பக்கத்துத் தமிழ்ச் சனம் ஒத்துக்கொள்ளும். ஆனால் தலைக்கனம் பிடித்தவர் என்றும் சேர்த்துச் சொல்லும். வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸைப் பார்க்க வந்தால் மனுசர் நேரே குசினிக்குள் போவார். அடுப்பின் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கமாட்டார். வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு நிற்க வைப்பது நம் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்று தெரியாதவரா அவர்? பிறகு சனம் முணுமுணுக்காமல் என்ன செய்யும்.

1976ஆம் ஆண்டு ஆடி மாதம்வரை அவரும் எல்லாரையும்போல் தேத்தண்ணி குடித்தவர்தான்.

பூமியின் தென்பாதியில் ஆடிதான் நடுக்குளிர்காலம்; அந்த ஆடியில் குளிர் எலும்பைக் கடித்தது. கதிர்காமநாதன் வீட்டில் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த கதிர்காமநாதன், ஃபர்னஸை ஒருக்கால் பார்த்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் விக்னராஜா போனார். கதவைத் திறந்தவள் அவன் மனைவி நாகேஸ்வரி.

"தங்கச்சி, அடுப்பெல்லாம் நிப்பாட்டிப் போடுங்கோ. மீற்றரில காஸ் ஓடுறதை எண்ணவேணும்."

"ஓம் அண்ணை, நிப்பாட்டித்தான் கிடக்கு."

காஸ் மீற்றர் வெளிச்சுவரில் இருந்தது. ஃபர்னஸைத் தவிர வேறெதுவும் எரியாதபோது, மீற்றரின் சின்ன முள் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்று பார்ப்பதுதான் வேலை. ஃபர்னஸின் தகட்டில் பொறித்த கணக்குப்படி ஐம்பது விநாடி எடுக்கவேண்டும். முள்ளோ நாற்பதில் சுற்றி முடித்தது. மறுபடி எண்ணினார், அதே நாற்பது. அளவுக்கு மிஞ்சிக் காஸ் எரிந்தால் உள்ளிருக்கும் இரும்பில் வெடிப்பு விழுந்து நச்சுப்புகை வீட்டுக்குள் வந்துவிடும். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. உள்ளே போய்க் காஸ் வரத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியைக் குறைத்தார், வெளியே வந்து எண்ணினார், இன்னும் குறைத்தார். கடைசியில் முள் ஐம்பதுக்கு வந்தது. அவருக்கு நிம்மதி.

அவர் கை துடைக்குமுன் நாகேஸ்வரி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். முதல் வாயிலேயே நாக்குப் பொத்துவிட்டது. நல்ல தேத்தண்ணி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் விடியப் பாண் துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தபோது நாக்கு எரிந்தது.

"உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று மனைவி இரஞ்சிதம் கேட்டாள்.

"இல்லை. நேற்று அந்தப் பிள்ளை தந்த தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க..."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கொதித்த தேத்தண்ணி. எண்ணெய்கூட இன்னும் வடியாத, அப்போதுதான் சுட்ட வடை. அவர் வெளியே முள்ளை எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுக்க உள்ளே இரண்டு அடுப்பு எரிந்திருக்கிறது. அடுப்புக்கு ஓடிய காஸை ஃபர்னஸின் தலையில் கட்டி, ஒழுங்காக எரிந்ததைப் பிடித்துக் குறைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டில் இரவு போதிய சூடு வந்திராது.

தொலைபேசி நெடுநேரம் அடித்தபிறகு நாகேஸ்வரி எடுத்தாள். குரல் நித்திரையில் பேசுகிறமாதிரி இழுபட்டது.

"இவர் விடிய வேலைக்குப் போயிட்டார் அண்ணை. ராத்திரி சரியான குளிர். பிள்ளைக்குக் கணகணப்பு வேணும் எண்டு அம்மா எழுதினவ. பார்பக்யூக்கு வாங்கின கரி கிடந்தது. இவர் போனாப்பிறகு சட்டியில தணல் போட்டு அறைக்குள்ள வைச்சிருக்கிறன். யன்னல், சுவரில இருக்கிற ஓட்டை எல்லாம் பழஞ்சீலையால அடைச்சாச்சு. இப்ப நல்ல சூடு. தலைதான் இடிக்குது."

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியில வாங்கோ. இப்ப, உடனே."

"அவன் நல்ல நித்திரை. நானும் கொஞ்சம் சரிஞ்சிட்டு..."

அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிடு என்று மனைவியிடம் கத்திவிட்டு ஓடினார். எட்டு நிமிடப் பயணம். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் அவர் வாய் தன்பாட்டில் விநாடியை எண்ணியது. பிள்ளை செத்திருக்கும் என்றே அவர் நம்பினார்.

யன்னலை உடைத்து உள்ளே இறங்கினார். நாகேஸ்வரி தொலைபேசியடியில் விழுந்து கிடந்தாள். பிள்ளை கட்டிலில், அசைவில்லாமல். இருவரையும் புல்லில் கொண்டுபோய்க் கிடத்தினார். பிள்ளையின் முகத்தில் குளிர்காற்றுப் பட்டு, நெடுநேரம் கழித்துத்தான் ஒரு சின்ன முனகல் வந்தது. விக்னராஜா அந்த இடத்திலேயே இருந்து அழுதார். அவர்களை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனபின், உள்ளே போய்த் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார்.

ஊரெல்லாம் அவரைத் தெய்வம் என்றது. பொங்கல் விழாவில் மாலை போட்டார்கள். உண்மையைச் சொன்னால் பழி முதலில் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும், பெற்ற பிள்ளைக்கு அவளே கொள்ளி வைத்தாள் என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டார். அவளுக்காக மூடினாரா, தனக்காக மூடினாரா என்று அவருக்கே தெரியவில்லை. குமிழ் கழற்றும் பழக்கம் அப்போது தொடங்கியது.

அடுத்த ஆடியில் அதே வீட்டுக்கு மறுபடி போனார். பிள்ளை கதிரையைப் பிடித்துக்கொண்டு நடை பழகினான். விக்னராஜா குமிழ்களைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நாகேஸ்வரி தண்ணீர் நிரப்பிய கேத்தலோடு நின்று சிரித்தாள்.

"அண்ணைக்கு எங்களில நம்பிக்கை இல்லைப் போல."

அவர் மீற்றரடிக்குப் போய் எண்ணத் தொடங்கினார். முள் பாதி சுற்றியபோது பின்னால் காலடி கேட்டது. அவள் இப்போது சிரிக்கவில்லை.

"அண்ணை, போன வருசம் நீங்கள் எண்ணேக்க நான் தேத்தண்ணி வைச்சனான். வடையும் சுட்டனான்."

முள் சுற்றி முடித்தது. ஐம்பது.

"நிப்பாட்டிக் கிடக்கோ எண்டு குசினிக்குள்ள வந்து பாக்காதவன் நான் தங்கச்சி," என்றார், திரும்பிப் பார்க்காமல். "பிழை என்னிலதான்."

அவள் போகவில்லை. உள்ளே பிள்ளை எதையோ தட்டி விழுத்திவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை," என்றாள்.