வெந்நீரில் திறந்த வால்வு

எண்ணூர் போய்வரும் போதெல்லாம் என் கார் கொதித்தது. என்ஜினையே பிரிக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பெரிய உருவம், நரைத்த தாடி. எதைத் தொடுவதற்கு முன்னும் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். சட்டையோ கையைவிட அழுக்கு.

என்ஜின் கொதிக்கும்போதே ரேடியேட்டருக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஜில்லுனு கீது நைனா. தெர்மோஸ்டாட் தொறக்கல. சுடுதண்ணி உள்ளயே மாட்டிக்கினு கீது."

என்ஜின் ஆறியதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அடுப்பில் கொதித்த தண்ணீரில் போட்டார். சூடானால் திறக்க வேண்டிய அதன் வால்வு அசையவே இல்லை.

புதியது ஒன்றை வாங்கி வந்தேன். அதையும் வெந்நீரில் போட்டுவிட்டு, பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வால்வு மெல்லத் திறந்தது.

"பாரு, கண்ண தொறந்துட்டா!" என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது.

"யாருண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னா யாரு?"

"இப்ப சொன்னீங்களே, கண்ணத் தொறந்துட்டாள்னு."

"நானா?" என்று என்னையே திகைத்துப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதைப் பொருத்தினார்.

அதற்குப் பிறகு கார் கொதிக்கவில்லை. அந்தப் பாத்திரத்துக்குள் அவர் யாரைப் பார்த்தார் என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.