அம்மாவின் முழங்கால்

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்ததே இல்லை. இதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. மைசூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலை கிடைத்து மூன்று மாதம். கால் தரையில் பாவவில்லை. என்னைப் படிக்க வைத்த அம்மா, ஓர் அதிகாரி வீட்டில் ஆயா. அந்த வீட்டுக்கு வந்துபோன தமிழ் ஓவியர் ஒருவர், தசராப் பொருட்காட்சிக்கு எங்கள் இருவரையும் வைத்துப் படம் எழுதக் கூப்பிட்டார். பட்டுப்புடவையில் நாற்காலியில் அமர்ந்த எஜமானி. பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு பணிப்பெண். அம்மாதான் எஜமானி. தட்டு எனக்கு.

அம்மா கொள்ளேகாலில் பிறந்து, சிறுவயதெல்லாம் பட்டுநூல் இழைத்தவள். பட்டு உடுத்தியதில்லை. படம் எழுதத் தொடங்கிய அன்று விடிந்ததும் சீயக்காய் தேய்த்துக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, "பொட்டு நேரா இருக்குதா கண்ணு?" என்று மூன்று தரம் கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவள் நான் தட்டு ஏந்தி நிற்பதா? கூட வேலை பார்ப்பவர்கள் பார்த்தால் மானம் போகாதா? ஓவியர் வீட்டில், அம்மா கால் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ஓவியரிடம் சொன்னேன்: "அம்மாவுக்கு முழங்கால் வலிங்க. நாற்காலியில காலை மடக்கி ரொம்ப நேரம் உட்கார முடியாது, நின்னா தேவலை. கேட்டுடாதீங்க, வருத்தப்படுவாங்க." மனுஷர் நம்பிவிட்டார்.

அம்மா திரும்பியபோது பட்டு என்மேல் இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டாள். நான்கு நாள் நின்றாள்.

முதல் நாள் வீடு திரும்பும்போது மட்டும் கேட்டாள். "எம் மூஞ்சி அவருக்குப் புடிக்கலியா கண்ணு?"

"வயசு தெரியுதுன்னாரும்மா."

"அதுஞ் சரிதான்" என்று தன் பூவை எடுத்து என் கொண்டையில் செருகினாள். பாவி, நானும் வைத்துக்கொண்டேன்.

பொருட்காட்சியில் படத்தைச் சுற்றிக் கூட்டம். அம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். ஓவியர் நேராக அவளிடம் வந்தார். "இப்ப முழங்கால் எப்படிம்மா இருக்கு? உங்க முகத்துக்காகத்தான் இந்தப் படத்தையே நெனச்சேன். உட்கார முடியாதுன்னு உங்க பொண்ணு சொன்னதும் மனசே விட்டுப்போச்சு."

அம்மா என்னைப் பார்த்தாள். அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால் இத்தனை வருஷம் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"இப்பத் தேவலைங்க சாமி" என்றாள் அவரிடம். "எம் பொண்ணுதான் தெனமும் தைலம் தேச்சு உடுது."

அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் வாசல் வரைக்கும் அம்மா ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.