அறுப்புக்கு ஆள் கூப்பிடப் போனது

எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியும் நான் தனியாக ஒரு பஸ்ஸில் ஏறியதில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அம்மா வீட்டுக்குப் போனாலும் கணவர் கூட வருவார், இல்லாவிட்டால் தம்பி வந்து அழைத்துப்போவான். தெரியாத ஆள் எதிரே நின்று எதையாவது கேட்டால் கூட வந்தவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அடக்கமான பெண் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் சாலையை மறித்த சமயம் அது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். என் கணவரும் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு போலீஸ் வேன்கள் ஊருக்குள் வந்தன. ஆண்கள் கரும்புக் கொல்லைக்குள் ஓடி ஒளிந்தார்கள். இவர் மாட்டிக்கொண்டார். கடலூர் ஜெயிலில் வைத்திருப்பதாகச் சேதி வந்தது.

வீட்டில் மாமியார், நான், நடை பழகிக்கொண்டிருந்த என் மகள். கிணற்றடி நிலத்தில் நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. மேற்கே மலைப்பக்கம் தினமும் மேகம் கட்டியது. வழக்கமாக எங்களுக்கு அறுக்க வருகிறவர்கள் ஊர்க் காலனிக்காரர்கள். மறியல் நாட்களில் பக்கத்து ஊர்க் காலனியில் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் காலனியிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. எங்கள் தெருவிலிருந்தும் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மாமியார்தான் மலையாட்கள் பேச்சை எடுத்தார். “வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒருத்தி இருக்கா. போன வருசம் கரும்பு வெட்ட ஆளுங்கள இட்டுக்கினு வந்தாளே, அவதான். அவகிட்ட சொன்னா அறுப்புக்கு வருவாங்க.”

“யாரு அத்த போயி சொல்றது?”

“முட்டி வீங்கிப்போய் கெடக்கறேன், நான் போவ முடியுமா? நீதான் போவணும்.”

“எனக்கு பயமா இருக்குது அத்த.”

“எனக்குந்தான் பயமா இருக்குது. நெல்லு கொட்டிப்பூட்டா அப்புறம் இன்னாத்த துன்றது?”

மாமியார் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். எங்கள் பக்கம் பஸ் ஓடவில்லை. கள்ளக்குறிச்சி வரை நடந்தேன். வெட்டிய மரங்களைப் பாதி ஒதுக்கிப் பாதி அப்படியே விட்டிருந்தார்கள். புளிய இலை காய்ந்து ரோடெல்லாம் பரவிக் கிடந்தது. ஓர் இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார்.

“எங்கம்மா போற? வீட்டுக்காரர் எங்க?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. “ஜெயில்ல இருக்காருங்க” என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரி, போ” என்றார். அவர் முகத்திலும் நாலு நாள் தூக்கம் பாக்கியிருந்தது.

கச்சிராயபாளையம் வரைக்கும்தான் பஸ். அங்கிருந்து ஒரு ஜீப் மலைக்குப் போனது. முன்னால் இடமில்லை. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே முன்பின் தெரியாத ஆண்களோடு உட்கார்ந்தேன். வளைவுகள் தொடங்கின. வெளியே தலையை நீட்டுவதற்குள் பாதி என் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அவமானத்தில் உயிர் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், பேச்சு மறுபடி உரம் கிடைக்காததைப் பற்றிப் போனது. என்னைப் பற்றி யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை என்பது அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வெள்ளிமலையில் டீக்கடையில், கரும்பு வெட்ட ஆள் கூட்டிப்போகும் பெண்ணின் ஊரை விசாரித்தேன். முதலில் யாரைக் கேட்டேனோ அவருக்குக் காது கேட்கவில்லை. குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன். கடைக்காரர் கை காட்டிய ஒற்றையடிப் பாதையில் வெயில் சாயும்வரை நடந்தேன். அந்தப் பெண் சாமைக் காட்டில் நின்றுகொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். நான் யார் வீட்டு மருமகள் என்று சொன்னதும் அடையாளம் புரிந்துகொண்டார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எத்தனை ஆள் வேண்டும், எங்கே தங்குவது, கூலியை நெல்லாகத் தருவோம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கேட்டது வேறு.

“உங்க ஊருப் பக்கம் அடிதடின்னு பேசிக்கிறாங்களே. நாங்க வந்தா எங்கள எவனாச்சும் அடிச்சா?”

அடிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை அவரிடம் எப்படிச் சொல்வது?

“தெரியலக்கா” என்றேன். “எங்க வூட்லயே தங்குங்க. கழனிக்கும் நான் கூடவே வரேன். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்.”

அவர் காட்டைவிட்டு என் பக்கம் வந்தார். “வூட்ல கேட்டுட்டுச் சொல்றேன். இன்னைக்கு இங்கயே படு” என்றார். காலையில் ஏழெட்டுப் பேர் கருக்கரிவாளோடு தயாராக இருந்தார்கள்.

அவர்களை அழைத்துக்கொண்டு திரும்பியபோது ஊர் முனையில் எங்கள் தெருப் பையன்கள் சிலர் வழியை மறித்து நின்றார்கள். “நீங்கல்லாம் யாரு, எந்த ஊரு?” என்று மலையாட்களைப் பார்த்துக் கேட்டார்கள். நான் முன்னால் போனேன். “எங்க வூட்டு அறுப்புக்கு வந்தவங்க. இன்னா கேக்கணுமோ என்னக் கேளுங்க” என்றேன். அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

சொன்னபடியே கழனியில் அவர்களோடு நின்று நானும் அறுத்தேன். முக்கால்வாசி ஆனபோது மழை பிடித்துக்கொண்டது. மீதி சேற்றோடு போயிற்று. மலையாட்களுக்கு அவர்கள் சாமை அறுப்பு காத்திருந்ததால் கூலி நெல்லை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அரிந்த கதிர்க்கட்டுகள் களத்தில் ஈரத்தோடு கிடந்தன. உடனே அடித்துக் காய வைக்காவிட்டால் முளைத்துவிடும்.

நான் ஒருத்தியாகக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது காலனியைச் சேர்ந்த ஒரு பெண் வரப்பில் வந்து நின்றார். வருடா வருடம் எங்களுக்கு அறுக்க வருகிறவர்.

“மலை வரைக்கும் போயி ஆள் கூட்டியாந்தீங்களாமே. எங்க தெரு கூப்புடு தூரந்தானம்மா.”

“வர பயமா இருந்திச்சு” என்றேன்.

“நாங்களும் பயந்துக்கினுதான் உள்ளயே குந்தியிருக்கோம். எங்க வூட்லயும் அடுப்பு எரியல.”

“கதிர் அடிக்க வரீங்களா?”

“இங்க வெச்சு என்னைக் கேட்டா எப்டி? தெருவுக்கு வந்து கேளுங்க. ஆம்பளைங்கள கேளுங்க.”

அன்று வெயில் இறங்குவதற்குள் போனேன். எங்கள் தெருவில் எல்லோரும் கதவோரம் நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வைகளைத் தாண்டிப் போனது மலைப்பாதையைவிடக் கஷ்டமாக இருந்தது. காலனியில் என்னைப் பார்த்ததும் ஆண்கள் வெளியே வந்தார்கள். வயதான ஒருவர், “உங்க வூட்டுக்காரரும் மரம் வெட்டப் போனவருதானே?” என்றார். “ஆமாங்க” என்றேன். “இப்ப எங்களுக்கு ஒண்ணுன்னா அவரு வந்து நிப்பாரா?” என்றார். கதிர் களத்தில் ஈரமாகக் கிடப்பதை மட்டும் சொன்னேன். நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் களத்துக்கு வந்தார்கள். மற்றவர்கள் அந்த வருடம் வரவேயில்லை.

கணவர் தாடியோடு மெலிந்து திரும்பி வந்தார். எல்லாவற்றையும் மாமியார் சொல்லக் கேட்டுவிட்டு, “பரவால்லயே” என்று என்னைப் பார்த்தார். அந்த ஒரு சொல் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் கரண்ட் ஏறி இறங்கிக் கிணற்று மோட்டார் கரிந்துபோனது. “கரண்ட் ஆபீசுக்கு நீயே போயிட்டு வந்துடேன். மலைக்கே போனவளாச்சே” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வெளி வேலை எல்லாம் என் தலையில்தான். சர்க்கரை ஆலை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். வீட்டு வேலையில் ஒன்றும் குறையவில்லை. ஒரு தடவை போய் வந்த இடத்துக்கு அடுத்த தடவை போக யோசித்ததில்லை என்பது உண்மைதான். முடியாது என்று சொல்லும் தைரியம் வர மட்டும் இன்னும் பல வருடங்கள் ஆயின.

அந்த மோட்டார் விஷயமாக முதல் தடவை போனபோது மின்சார ஆபீஸ் வாசலில், வேப்பமர நிழலில் உட்கார வைத்தார்கள். காத்திருந்து காத்திருந்து, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். பக்கத்தில் காத்திருந்த வயதான அம்மா ஒருவர் தோளைத் தொட்டு, “உன்னத்தான் கூப்புட்றாங்க, எழுந்திரு” என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.