காவேரிக்கு மட்டும் ஆடிய தரை

எங்கள் ஊரில் யாரும் தலை சுற்றுகிறது என்று சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். கால் தடுமாறினால் முதலில் மின்விசிறியைப் பார்ப்போம், ஆடுகிறதா என்று. பிறகு வாளித் தண்ணீரைப் பார்ப்போம். அப்புறம் வாசலுக்கு வந்து எதிர்வீட்டு வங்காளிப் பெண்ணிடம், "ஹிலா க்யா?" என்று கேட்போம். அவளும் அசைந்தது என்றால் நிலநடுக்கம். இல்லையென்றால் திரும்பிப் போய் அடுப்பைக் கவனிப்போம். அந்தமானில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் கொட்டாவி விடுவது போலத்தான்.

என் அக்கா காவேரி அப்படி இல்லை. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மூன்று மாதக் குழந்தை குணாவைத் தூக்கிக்கொண்டு உள்பாவாடையோடு டாலிகஞ்ச் தெருவில் ஓடியவள் அவள். வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்ததோடு சரி, வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு அவளுக்குத் தரைமேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அத்தான் ஈஸ்வரனுக்குக் கார் நிக்கோபார் தீவில் வேலை. கப்பல் கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளையைத் தனியாகவே வளர்த்தாள். கதவை உள்தாழ் போடாமல் தூங்கினாள், ஓட வேண்டி வந்தால் வசதி என்று.

அந்தப் பிள்ளை காலேஜில் உளவியல் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறானா என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்? இரண்டாம் வருஷத்தில் அவனுக்குக் கண்ணும் காதும் தோலும் எப்படி உலகத்தை அறிகின்றன என்று ஒரு பாடம். ஒரு நாள் என் தையல் கடைக்கு வந்து மூன்று கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். ஒரு கையைச் சுடுநீரிலும் ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் நடுக்கிண்ணத்தில் விடச் சொன்னான். ஒரு கைக்குக் குளிர்ந்தது, ஒரு கைக்குச் சுட்டது.

"ரெண்டும் உங்க கைதான் சித்தி. எந்தக் கைய நம்புவீங்க?"

அசந்துதான் போனேன். "போடா, வேலையக் கெடுக்காத" என்று விரட்டிவிட்டேன்.

அந்த வருஷம் ப்ராஜெக்டுக்கு அவன் எடுத்துக்கொண்டது தன் அம்மாவை. அக்கா வழக்கத்தைவிட அதிகமாக "ஆடுது, ஆடுது" என்று சொல்ல ஆரம்பித்திருந்த நேரம் அது. தரை அசைவதாகத் தோன்றும் போதெல்லாம் போனில் அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும். அதை அவன் நிலநடுக்க அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பான். தரை ஆடியது, அம்மாவும் ஆடியது என்றாள். ஆடியது, இல்லை என்றாள். ஆடவில்லை, ஆடியது என்றாள். ஆடவில்லை, இல்லை என்றாள் என்று நாலு கட்டம் போட்டு வைத்திருந்தான். அக்காவின் செய்திகளில் முக்கால்வாசி மூன்றாம் கட்டத்தில் விழுந்தன. ஆடாத தரையை ஆடுகிறது என்றவை.

"பயம் சித்தி. பயந்த மனசு லாரி போனாலும் பூகம்பம்னு எடுத்துக்கும். சுனாமி அம்மாவ இன்னும் விடல" என்றான்.

அவனுடைய ஷோபனா மேடம், மெயின்லேண்டிலிருந்து வந்தவர், அருமையான தலைப்பு என்று பாராட்டினாராம். அவன் அதை அம்மாவிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னான். திட்டவில்லை, கேலி செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்ன அன்னிக்கெல்லாம் ஒண்ணுமே ஆடலம்மா, உன் மனசுதான்" என்றான். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். பிள்ளை இவ்வளவு படித்திருக்கிறானே என்று அவளுக்குப் பூரிப்பு.

அதற்குப் பிறகு செய்திகள் குறைந்தன. மாதம் போகப் போக நின்றே போயின. எடுத்துச் சொன்னதால் அம்மாவின் பயம் தணிந்தது என்று அவன் ப்ராஜெக்டில் எழுதினான். கருத்தரங்கில் அதைப் படித்தபோது அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். கூச்சம் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த நாட்களில் வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவள் திரும்ப மாட்டாள். திமிர் என்று நினைத்து நான் சண்டை போட்டேன். நாலு கட்டம் போடத் தெரிந்த எங்கள் பிள்ளைக்கு ஐந்தாவதாக ஒன்று இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. ஆடுவது தரையாகவும் இல்லாமல், பயமாகவும் இல்லாமல், அவள் உடம்பாகவே இருக்கலாம் என்று. படிக்காத எங்களுக்கு மட்டும் என்ன தோன்றிவிட்டது? வேறு எந்த ஊராக இருந்தாலும் முதல் வாரமே டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள்.

அபர்டீன் பஜாரில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா விழுந்தாள். நானும் கூட இருந்தேன். கண்டக்டர் ஓடி வந்து தூக்கி, "சக்கர் ஆயா க்யா, அம்மா?" என்றான். தலை சுற்றியதா என்று. அத்தனை நாளில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். "நஹி, ஜமீன் ஹிலா" என்றாள் அக்கா, இல்லை, தரைதான் ஆடியது என்று. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் ஆடவில்லை.

இங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். வலது காதுக்குப் பின்னால் நரம்பில் ஒரு கட்டி. எலுமிச்சம்பழ அளவு. மெல்ல வளர்ந்து சிறுமூளையை அழுத்திக்கொண்டிருந்தது.

சென்னை டாக்டர், "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு மாசமாத்தான் சார்" என்றாள் அக்கா.

குணா எழுந்து நின்றான். "இல்ல சார். ஒன்றரை வருஷமா. என்கிட்டதான் சொல்லிட்டே இருந்தாங்க. போன்ல எல்லாம் இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

அக்கா அவனைப் பார்த்துக் கோபப்பட்டது அப்போதுதான். "உன்ன யாருடா கேட்டா? உக்காரு!" பிறகு டாக்டரிடம் திரும்பி, "சின்னப் பையன் சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன்க்கா அவனுக்குச் சொல்றத நிறுத்தினே என்று. "நான் ஆடுது ஆடுதுன்னுட்டே இருந்தா அவன் படிச்சது தப்புன்னு ஆயிடாதா நாகு? மேடம் மார்க்கக் கொறச்சிட்டா?" என்றாள். ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழுதேன்.

அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்து வந்தாள். வலது காது கேட்காமலே போய்விட்டது. சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கிறது. ப்ராஜெக்டில் எழுதியது தப்பு, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று குணா மேடத்திடம் போய் நின்றான். மார்க் ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கட்டியை முழுவதும் எடுக்க முடியவில்லை. மூளைத்தண்டில் ஒட்டியிருந்த கொஞ்சத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். மறுபடி தள்ளாடினால், தரை லேசாக அசைந்தால்கூட உடனே சொல்ல வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறைதான் ஸ்கேன், நடுவில் அக்காவே சொன்னால்தான் தெரியும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

குணா இப்போது தினமும் காலேஜுக்குக் கிளம்புமுன் அவள் இடப்பக்கமாய் வந்து உட்கார்கிறான்.

"ஆடுதாம்மா?"

"இல்லப்பா, ஒண்ணுமில்ல. நீ நல்லாப் படி" என்கிறாள் அவள், அவன் கேட்டு முடிப்பதற்குள்.

அவன் நம்புவதில்லை. நானும் நம்புவதில்லை. ஆனாலும் நாளைக்கும் அவளைத்தான் கேட்க வேண்டும்.